பத்து கெஜச் சங்கிலி

சங்கிலியை இழுத்துப் பிடிக்கும் அந்த நொடியை எல்டன் க்ரூபர் ஒருநாளும் சாதாரணமாக எடுத்துக்கொண்டதில்லை. நூற்றிருபது கிலோ தடியன்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரண்டவர்கள், மூச்சை அடக்கிக்கொண்டு ஓர் இரும்புச் சங்கிலியைப் பார்த்து நிற்பார்கள். அது சொல்வதற்கு மறுபேச்சே கிடையாது. முப்பத்தொரு வருடம் பார்த்தும் அவருக்கு அந்த வியப்பு அடங்கவில்லை.

நெப்ராஸ்காவில் பெல்மோர் சின்ன ஊர். வாரநாட்களில் எல்டன் தானியக் கிடங்கில் சோளம் நிறுப்பவர். சனிக்கிழமைகளில் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் ஓரத்தில், இரு முனையிலும் கம்பு கட்டிய சங்கிலியின் முன்கம்பைப் பிடிப்பார். நான்கு முயற்சிக்குள் பந்து பத்து கெஜம் நகர்ந்ததா என்பதை அந்தச் சங்கிலிதான் சொல்லும்; நகராவிட்டால் பந்து எதிரணிக்கு. பிடிப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான். ஆனால் கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது. சொந்த மகன் பந்தோடு ஓடிய நாளிலும் எல்டன் வாய் திறந்ததில்லை.

அந்த வருடம் பெல்மோர் ஒன்பது ஆட்டங்களிலும் வென்றிருந்தது. பத்தாவதிலும் வென்றால் தேசியச் சுற்றுக்கு முதல்முறையாக அழைப்பு வரும் என்று ஊரே நம்பியது. அந்தப் பத்தாவது ஆட்டத்தில் பெல்மோர் நான்கு புள்ளி முன்னிலை. நான்காவது முயற்சியில் பெல்மோர் ஆட்டக்காரன் க்வென்டின் மேஸ் பந்தோடு பாய்ந்தான். சங்கிலியை இழுத்தார்கள். பந்து கம்பைத் தாண்டியிருந்தது. அரங்கம் அதிர்ந்தது.

எல்டன் நடுவரைப் பார்த்தார். "சங்கிலியைக் கோட்டோட பொருத்தற கிளிப் நழுவிடுச்சுங்க. போன தடவை ஒருத்தன் சங்கிலி மேல விழுந்தப்ப ஒரு கண்ணி தள்ளிப் போச்சு."

சரிசெய்து மறுபடி அளந்தார்கள். இரண்டு விரற்கடை குறைந்தது. பந்து எதிரணிக்குப் போனது. அவர்கள் மூன்று புள்ளி எடுத்தார்கள். பெல்மோர் ஒரே புள்ளியில் வென்றது.

மறுநாள் டார்லாவின் உணவகத்தில் ஊர் முழுக்கத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. தேசியச் சுற்றுக்கான பட்டியலில் பெல்மோர் இல்லை. இரண்டு ஆட்டம் தோற்ற பெரிய கல்லூரி இருந்தது. தேர்வுக் குழுத் தலைவர் நிதானமாகச் சொன்னார்: "கடைசி ஆட்டத்துல ஒரு புள்ளிதான் வித்தியாசம். எங்க கண்ணுக்கு அவங்க அவ்வளவு பலமாத் தெரியலை."

முடிவெட்டும் வேட் காபிக் கோப்பையைத் தள்ளினான். "எல்டன், முப்பத்தொரு வருஷம் மூடியிருந்த வாயை இன்னும் ஒரு நிமிஷம் மூடியிருக்கக் கூடாதா?"

எல்டன் தலை குனிந்தார். பின்மேசையிலிருந்து க்வென்டின் எழுந்தான். "வேட், ஓடினவன் நான். பத்தலைன்னா பத்தலை. அவரையா திட்டறே? அந்தக் குழு ரூமுல எந்தச் சங்கிலிய வச்சு அளந்தாங்கன்னு கேளு."

மைதானத்தில் விரற்கடைக்குக் கணக்கு. மூடிய அறைக்குள் மட்டும் கண்ணே அளவுகோலா? பத்துக்குப் பத்து வென்றவனைவிடப் பெயர் பெற்றவன் பலசாலி என்றால், எதற்கு ஆட வேண்டும்?

எல்டன் காகிதத் துண்டொன்றை எடுத்துத் தேர்வுக் குழுவுக்கு எழுதினார்: 'ஐயா, நாங்கள் எத்தனை அங்குலம் குறைந்தோம்?' உணவகத்தில் இருந்த அத்தனை பேரும் கையெழுத்திட்டார்கள். கடைசியாக வேட்.

பதில் வரவில்லை.

அடுத்த செப்டம்பர், முதல் ஆட்டம். பெல்மோரின் நான்காவது முயற்சி. சங்கிலியை இழுத்தார்கள். நடுவர் விரலால் காட்டினார்: ஓர் அங்குலம் குறைவு. பந்து எதிரணிக்கு.

மேல்வரிசையில் வேட் எழுந்து கைதட்டினான். அவன் பக்கத்தில் டார்லா. அப்புறம் வரிசை வரிசையாக எல்லாரும். தங்களுக்கு எதிராக வந்த அளவுக்கு ஓர் ஊரே எழுந்து நின்று கைதட்டியது.

எல்டனின் இரண்டு கையும் கம்பின் மேல் இருந்தன. விதி விதிதான். கண்ணைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை.