ஃபிர்தௌஸ் கேட்க ஆசைப்பட்ட சத்தம்

ஜூஜுவாடியில் கேஸ் அலாரம் செய்யும் கம்பெனியில் ஃபகருன்னிசாவுக்குக் கடைசி மேசை. சமையல் கேஸ் கசிந்தால் அலறும் சின்னப் பெட்டி அது. கேஸ் நுழையும் அதன் வாயில் தூசி போகாமலிருக்க ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்து, பற்றவைக்காத லைட்டரால் கேஸ் காட்டி, வீலென்று கத்திய பிறகே அட்டைப்பெட்டியில் போடுவாள். சாயங்காலத்துக்குள் மண்டை காய்ந்துவிடும்.

பிறகு புது போர்டு வந்தது. கரண்ட் கொடுத்ததும், சென்சார் அனுப்புவதைப் போன்ற ஒரு சிக்னலை அதுவே தன் சர்க்யூட்டுக்குள் செலுத்தி, அதுவே அளந்து, சரியென்றால் பச்சை விளக்கை எரியவிடும். இனி லைட்டர் வேண்டாம் என்று சூப்பர்வைசர் பாலாஜி சொன்னபோது அத்தனை பேருக்கும் அப்பாடா என்றிருந்தது.

அந்தப் புது போர்டு வைத்த அலாரம் ஒன்றை வாங்கி, குருபரப்பள்ளியில் பரோட்டா கடை வைத்திருந்த தங்கை ஃபிர்தௌஸுக்கு மாட்டிக்கொடுத்தாள். கேஸ் தரையோடு தவழும் என்பதால் முழங்கால் உயரத்தில் மாட்டினாள்.

"ஒருவாட்டி கத்தவெச்சுக் காட்டுக்கா," என்றாள் ஃபிர்தௌஸ்.

"பச்சை எரியுதில்ல? அதுவே தன்னை டெஸ்ட் பண்ணிக்கிச்சு. உடுடி."

ஒரு காலையில் சிலிண்டர் கசிந்திருந்தது தெரியாமல் ஃபிர்தௌஸ் அடுப்பைப் பற்றவைத்தாள். அலாரம் கத்தவே இல்லை. அவள் பிழைக்கவில்லை.

அதன்பின் ஃபகருன்னிசாவை அந்தப் பச்சை விடவில்லை. ஃபிரிட்ஜில், சார்ஜரில், பஸ் டிரைவரின் முன்னால், எங்கே ஒரு பொட்டுப் பச்சை எரிந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தன் வீட்டு அலாரத்தின் மேல் துணியைப் போட்டு மூடிவைத்தாள். துணிக்குள்ளும் அது எரிவது தெரிந்தது.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும், ஃபிர்தௌஸின் கணவன் தானிஷ் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். நெருப்பு மேலே ஏறியதால் இதில் கரி மட்டும்தான். அவள் பிளக்கில் செருகினாள். ஒன்றுமே நடக்காததுபோலப் பச்சை எரிந்தது.

முந்தானையால் கரியைத் துடைத்தாள். பெட்டியின் வாயருகே நகத்தில் ஏதோ தட்டுப்பட்டது.

ஸ்டிக்கர்.

லைட்டர் போனபோது அதை உரிக்கும் கையும் நின்றுபோனது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உள்ளே சர்க்யூட் தன்னைச் சரிபார்த்துக்கொண்டது. வாய் அடைத்திருந்தது அதற்கு எப்படித் தெரியும்? அவள் மேசையைத் தாண்டிய பெட்டிகள் எத்தனை அடுப்படிகளில் இப்படிப் பச்சையாக எரிகின்றனவோ.

ஸ்டிக்கரை உரித்து, தானிஷிடம் லைட்டரை வாங்கிப் பற்றவைக்காமல் அழுத்தினாள். பெட்டி அலறியது. தானிஷ் காதைப் பொத்திக்கொண்டு நிறுத்தச் சொன்னான்.

அவள் விரலை எடுக்கவில்லை.

"கேட்டுக்கடி ஃபிர்தௌஸ்," என்றாள்.