மீன் லொறியில் பனியாறு

மொன்றியலில் ஒரு பல்கலைக்கழகத்தின் குளிரறையைப் பராமரிப்பது என் வேலை. ஆர்க்டிக் பனியாறு ஒன்றை ஆழமாகத் துளைத்து எடுத்த பனிக்கட்டிகள் அங்கே உருளை உருளையாக இருந்தன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய காற்று அவற்றுக்குள் குமிழிகளாக அடைபட்டிருக்கிறது. அதை வைத்து அன்றைய காலநிலையைக் கண்டுபிடிக்கிறார்கள். பனியாறே உருகிக்கொண்டிருப்பதால் அவை போனால் போனதுதான். சென்னையிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் அவற்றுக்குப் பொறுப்பு. குளிரறைக்குள் தும்மலைக்கூட அடக்கிக்கொள்வார்.

ஒரு ஏப்ரல் காலையில், விழுந்தவுடனே உறைகிற மழை பெய்தது. ஐஸின் பாரம் தாங்காமல் மரங்கள் மின்கம்பிகள்மேல் சரிந்தன. கரண்ட் போனது. ஜெனரேட்டரும் கிளம்பவில்லை, அதற்குக் காற்றுப் போகும் வழியை ஐஸ் அடைத்திருந்தது. ஊர் முழுக்க ஐஸ். எங்கள் ஐஸ் மட்டும் உருகப்போகிறது.

"வெளியில வச்சா என்ன?" என்றேன்.

"வெளிய ஜீரோ டிகிரிதான் அக்கா. இதுக்கு மைனஸ் இருபதாவது வேணும்." மாணவர் குளிரறைக் கதவை இன்னும் இறுக்கி மூடினார்.

எனக்கு அத்தானின் நினைவு வந்தது. என் அக்காவின் கணவர். குளிர்லொறியில் தமிழ்க் கடைகளுக்கு உறைந்த மீன் கொடுக்கிறவர். போன் எடுத்தேன்.

"ஐஸ் ஏத்தவோ? வாசல்ல கிடக்கு, அள்ளு!"

"அத்தான், இது பழைய ஐஸ்."

"பழசெண்டா எறியிறதுதானே?"

சொன்னாரே தவிர, வந்தார். லொறியின் பின்கதவு ஐஸால் இறுகிக் கிடந்தது. சுத்தியலால் அடித்து உடைக்கவேண்டியிருந்தது. பெட்டி ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி நின்ற மாணவர் ஒவ்வோர் அடிக்கும் துள்ளினார்.

"பயப்பிடாதேங்கோ தம்பி, இது உங்கட ஐஸ் இல்லை," என்றார் அத்தான்.

நண்டுக்கும் கணவாய்க்கும் நடுவே பனியாறு ஏறியது. எங்கள் உருளைகள் இருந்தவையும் வெள்ளை ரெஜிபோம் பெட்டிகள், மாணவர் பாஷையில் தெர்மோகோல்; மீன் இருந்தவையும் அதே பெட்டிகள். அதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

மொன்றியலின் புறநகரான ரொக்ஸ்பரோவில் அத்தான் வீட்டு வாசலில், எஞ்சின் நிற்காமல் லொறி நின்றது. மாணவர் முன்சீட்டில் காவல். அயலவர்களின் ஃப்ரீசர்களும் நின்றுவிட்டதால் செய்தி பரவ, ஆட்டிறைச்சி, முருங்கைக்காய், பிறந்தநாள் கேக் என்று ஆட்கள் பைகளோடு வந்துவிட்டார்கள்.

"கொஞ்சம் இடம் கிடக்கோ தம்பி?"

"இது விஞ்ஞானத்துக்கானதுங்க," என்று முதலில் மறுத்தார். யாரோ கட்லட்டும் தேநீரும் கொண்டுவந்து கொடுத்தபிறகு, அவரே இறங்கி நின்று கேக்குக்கு நல்ல இடம் பார்த்து வைத்தார்.

மறுநாள் கரண்ட் வந்தது. அவரவர் சாமான்களை எடுத்துக்கொண்டு போனார்கள். நாங்களும் பெட்டிகளைக் குளிரறைக்குக் கொண்டுபோய்த் திறந்தோம். ஒன்றுக்குள் சுறா படுத்திருந்தது.

அத்தானிடம் விசாரித்ததில், அது பக்கத்து வீட்டு அம்மாவின் சுறா; அத்தானிடம் வாங்கிய பெட்டியோடே லொறியில் கொண்டுவந்து வைத்திருந்தார். சுறாவோடு போனோம்.

"ஓம், ஓம், இஞ்சதான் கிடக்கு." பட்டாணிப் பைகளுக்கு அடியிலிருந்து உருளையை எடுத்தார். "சுறா வச்ச பெட்டிக்குள்ள ஐஸ் மட்டும் கிடக்குது. மீன் கரைஞ்சுபோச்சோ எண்டு நினைச்சன்."

மேலுறை வெட்டப்பட்டிருந்தது. விளிம்பில் ஒரு துண்டைக் காணவில்லை. மாணவர் அந்த இடத்தை விரலால் காட்டினார்.

"இங்க இருந்த துண்டு எங்கேம்மா?"

"சர்பத்துக்குள்ள போட்டனான். அது படபட எண்டு வெடிக்கத் தொடங்கிச்சுது. ஏதோ கெமிக்கலாக்கும் எண்டு பயந்து சிங்குக்குள்ள ஊத்திப்போட்டன்."

மாணவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். வெளிப்புறத்தைச் சீவிவிட்டு உள்ளே இருப்பதைத்தான் ஆராய்வார்கள் என்பதால் உருளை பிழைத்தது. இருந்தும் திட்டப்போகிறார் என்றே நினைத்தேன்.

"அது காத்தும்மா," என்றார் மெதுவாக. "பல ஆயிரம் வருஷமா அடைஞ்சு கிடந்த காத்து. ஐஸ் கரையிறப்போ வெடிச்சு வெளிய வருது. சத்தம் ரொம்ப நல்லா இருக்கும்னு சொல்வாங்க. நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல."

அந்த அம்மா சிங்கை எட்டிப்பார்த்தார்.

"அப்ப அந்தக் காத்து இப்ப என்ர குசினிக்குள்ளயோ?"

"ஆமாம்மா."

அவர் பதறிப்போய்ச் சமையலறை யன்னலடிக்கு ஓடித் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அவசரமாகத் திரும்ப இழுத்து மூடினார்.