கறுத்த உள்ளங்கால்

லாரிகளை எடை போடும் மேடையில் வேலை பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வியாதி அல்ல, பிழைப்பு. காலி வண்டியை எடை போடும்போது டிரைவர் உள்ளே உட்கார்ந்திருப்பான். சரக்கோடு வரும்போது இறங்கி ஓரமாக பீடி பற்றவைப்பான். அவன் எடை அளவுக்குச் சரக்கு களவு போகும். இதைப் பார்த்துப் பார்த்தே என் கண் கெட்டுவிட்டது. எலும்பு டாக்டரையும் அந்தக் கண்ணால்தான் பார்த்தேன்.

வாசுதேவநல்லூர் போகும் வழியில் பைக்கோடு விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. டாக்டர் உள்ளே கம்பி விட்டு, வாக்கர் கொடுத்து அனுப்பினார். மாதங்கள் போயும் எக்ஸ்ரேயில் முறிவின் கறுப்புக் கோடு அப்படியே நின்றது. அடுத்த படத்திலும் சேரவில்லையென்றால், இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்துக் காலில் வைத்து இன்னொரு ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார். உள்ளே விட்டது நல்ல கம்பிதானா, இந்தப் படம் என் கால்தானா என்று கேட்டேன். அவர் கோபப்படாமல் படத்தின் ஓரத்தில் இருந்த என் பெயரைக் காட்டினார். கோபப்படாத மனிதரை எப்படி நம்புவது?

அன்று வெளியே வரும்போது என் மனைவி மட்டும் பின்தங்கி அவரிடம் ஏதோ கேட்டாள். என்ன என்றால், எனக்கு முட்டை கொடுக்கலாமா என்று கேட்டாளாம். முட்டைக்கு அவ்வளவு நேரமா?

ஆடி பிறந்து, எங்கள் ஊர் கோவிலில் அம்மனின் தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியது. அவள் தினமும் சாயந்திரம் மார்க்கெட்டுக்கு என்று கிளம்பி, இருட்டிய பிறகு நாலு கத்தரிக்காயோடு வந்தாள். கேட்டால் கூட்டம் என்றாள். ஆனால் செருப்பு வாசலிலேயே கிடந்தது. கட்டிலில் கிடந்த என் கண்ணுக்கு அவள் உள்ளங்கால் தெரிந்தது. கரி அப்பினதுபோல் கறுத்திருந்தது. பிறகு நொண்டவும் ஆரம்பித்தாள். நான் கணக்குப் போட்டு முடித்துவிட்டேன். காலை எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவள் செருப்பைக்கூட மறந்து அவரிடம் ஓடி ஓடிப் பேசுகிறாள். ரெண்டு பேரும் சேர்ந்து என்னிடம் மறைக்கிறார்கள்.

தபசு முடிந்த வாரம் படம் எடுக்கப் போனோம். தோளைத் தூக்க முடியாதவர், கழுத்துப் பட்டை போட்டவர், குதிகால் வலிக்காரி எல்லாரும் போன பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். கறுப்புக் கோட்டைச் சுற்றி வெள்ளையாக மேகம்போல் ஏதோ படர்ந்திருந்தது.

"சேர ஆரம்பிச்சிருச்சு அண்ணாச்சி. ஆபரேஷன் வேண்டாம். இனிமே அந்தக் காலை ஊன்றி நடங்க, அப்பத்தான் எலும்பு உறுதியாகும்."

இது என் படம்தானா என்று மறுபடியும் கேட்டேன். அவர் காதில் வாங்கவில்லை. என் மனைவி நின்ற விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளை உட்காரவைத்துப் பாதத்தை விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அவள் துடித்துப்போனாள். படம் எடுத்ததில் பாத எலும்பில் மயிரிழை விரிசல். விழாமல், அடிபடாமல், பழக்கமில்லாத நடையால் மட்டுமே வருகிற விரிசலாம். அப்படி எங்கே நடந்தீர்கள் என்று கேட்டார்.

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "ஆடிச் சுத்து சுத்துனேன் சார். இவுகளுக்கு எலும்பு சேரணும்னு ஐந்நூத்தியொண்ணு நேந்துக்கிட்டேன். பாதிதான் முடிஞ்சுது."

ஒற்றைக் காலில் தவம் நிற்கும் அம்மனின் கால்வலியைப் பிரகாரம் சுற்றி நாம் வாங்கிக்கொள்கிறோம் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா, நெசமாவே சுத்துதேனான்னு ஆள் வச்சுப் பாப்பீக."

டாக்டர் சிரித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. என்னவெல்லாமோ தோன்றிய எனக்கு, இவள் எனக்காக நடப்பாள் என்று மட்டும் தோன்றவே இல்லை.

இப்போது அவள் காலில் மாவுக்கட்டு. கொடி இறங்கினாலும் நேர்ச்சை நேர்ச்சைதான், மிச்சத்தை நான் சுற்றவேண்டும் என்று சொல்லிவிட்டாள். மெதுவாக, தினம் கொஞ்சமாகப் போகலாம் என்று டாக்டரும் தலையாட்டினார். வாக்கரோடு பிரகாரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று நான் வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டிலில் இருந்தபடி, "எங்க, உள்ளங்காலக் காட்டுங்க" என்றாள். கம்பி வைத்த காலைத் தூக்கிக் காட்டினேன்.

"இந்தக் கால வாசல்லகூடத் தேச்சுட்டு வரலாம். அந்தக் காலயும் காட்டுங்க."

வாக்கரை இறுகப் பிடித்தேன். பயந்துகொண்டே கம்பி வைத்த காலில் என் பாரம் முழுவதையும் இறக்கி, மற்றதைத் தூக்கினேன். கால் தாங்கியது.