மணல் குடிக்காத தண்ணீர்

மடத்துக்குளம் பாலத்துக்கடியில் அமராவதி வந்துவிட்டது! ஒன்றரை வருடமாக வெறும் மணலாகக் கிடந்த ஆறு. அணை திறந்த தண்ணீர், நுரையும் சருகும் அறுந்த செருப்புமாய்த் தலையாட்டிக்கொண்டு போனது. ஆனைமலையில் பிறந்து கரூர் தாண்டிக் காவிரியில் விழும் ஆறு. ஆன்பொருநை என்று பழம்பாட்டில் பேர் வாங்கிய ஆறு. கரூர் மணலுக்குள் கடல் கடந்து வந்த காசுகளை ஒளித்து வைத்திருந்த ஆறு. எனக்கோ ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் வந்தது: மச்சான் ஆற்றுக்குள் வைத்திருக்கும் ஆயில் எஞ்சின். பம்புசெட் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், முதலாளியிடம் சொல்லிவிட்டு மொபெட்டை முறுக்கினேன்.

தாராபுரத்துக்கு மேற்கே அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர். அவர்கள் வெள்ளாமைக் காடு மேட்டில் இருந்ததால் வாய்க்கால் தண்ணீர் ஏறாது. மணலில் குழி தோண்டி, ஊறுவதை எஞ்சின் வைத்து இறைத்துத்தான் சின்ன வெங்காயம் வளர்ந்தது. எஞ்சின் போனால் வெங்காயமும் போனதுதான்.

மச்சான் குழி மேட்டில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். மூச்சிரைக்க நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"மணல் குடிச்சுப்போட்டுத்தான் மாப்ளே நம்முளுக்கு உடும். நாளைக்கு மத்தியானம் ஆகும்."

அந்தக் கரையில் எல்லோருக்கும் இதே கணக்குதான். காய்ந்த மணல் ஒரு பகலும் ஒரு இரவும் குடிக்கும். ஆனால் முந்தின இரண்டு நாள் மழையில் மேலாற்று மணல் வயிறு முட்டக் குடித்திருந்ததை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. வழியெல்லாம் ஈரமணலைப் பார்த்தபடி வந்த நானும்தான்.

பொழுது சாய மேற்கே நாய்கள் குரைத்தன. பிறகு, சருகுக் குவியலை யாரோ தரதரவென்று இழுத்துவருவதுபோல் ஒரு சத்தம்.

புதுத்தண்ணீரைக் கும்பிட மஞ்சளும் குங்குமமும் எடுத்துக்கொண்டு பெண்கள் கரைக்கு வந்தார்கள். அக்கா குழியை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்க மணலுக்குத் தாகமே இல்லியாட்ட இருக்குதுங்க."

சொல்லிக்கொண்டே தட்டைக் கீழே வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகி இறங்கினாள். பின்னாலேயே நாங்களும் குதித்தோம். எஞ்சினைப் பலகையோடு பிணைத்திருந்த போல்ட்டுகளில் மூன்று கழன்றன. நான்காவது துருவேறி அசையவில்லை. மச்சான் உளி வைத்து அடித்தார். தண்ணீர் குழிக்குள் எட்டிப் பார்த்தது, குதித்தது, கணுக்காலைத் தொட்டது, முழங்காலைப் பிடித்தது. அடுத்த அடியில் போல்ட் தலை தெறித்தது. மூங்கிலில் கட்டி, கரையில் நின்றவர்களும் தோள் கொடுக்க, எஞ்சினை மேலே ஏற்றினோம்.

நனைந்துபோனது ஓடுமா? டீசல் குழாயைத் துடைத்து, ஓஸ் பைப்பை ஆற்றில் போட்டு, மச்சான் கைப்பிடியைச் சுற்றினார். இருமியது. மறுபடி சுற்றினார். கரும்புகை கக்கிக்கொண்டு பிடித்துவிட்டது! மேட்டில் செந்தண்ணீர் சருகோடு பாய்ந்தது. கைதட்டிக் குதித்தோம். மடையைத் திருப்ப ஆளில்லாமல் ஒரே பாத்தி நிரம்பி வழிவதைப் பார்த்த அக்கா, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வெங்காயத்துக்குள் ஓடினாள்.