சாமி மேடையில் வைத்த மாத்திரை

புஷ்பா அக்கா, உன் பெயரைச் சொல்லாமல் இதை என்னால் ஆரம்பிக்க முடியவில்லை. நீ இருந்திருந்தால் இந்தத் தப்பு நடந்தே இருக்காது.

நம் எஸ்டேட் மாரியம்மன் கோயிலுக்கு வருகிற எல்லாருக்கும் வணக்கம். நான் லோகன். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். தேயிலைக்கு மருந்து அடிக்கிற வேலை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தைப்பூசம் முடிந்த வாரம் கோயிலில் மைக் பிடித்து, அம்மாவுக்கு முட்டிவலி போய்விட்டது, ஆத்தா கொடுத்தாள் என்று அழுதேன். நீங்களும் அழுதீர்கள். அன்று சொன்னதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா முப்பது வருடம் மலைச்சரிவில் கொழுந்து எடுத்தவர். வலது முட்டி தேய்ந்துவிட்டது. அக்காதான் அவரை மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். முட்டி மாற்றுகிற ஆபரேஷன் பிறகு தேவைப்படலாம், முதலில் பயிற்சி செய்து பாருங்கள் என்றார்களாம். படம் போட்ட ஒரு தாளும் கொடுத்தார்கள். தினமும் சாயங்காலம் அக்கா அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, காலைத் தூக்கச் சொல்லி எண்ணுவாள். அம்மா ஏழுக்கு அப்புறம் பத்து என்று ஏமாற்றுவார். அக்கா விடமாட்டாள்.

அப்புறம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. அதே ஆஸ்பத்திரி. மூன்றாம் நாள் போய்விட்டாள். இருபத்தாறு வயது.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி என்றாலே அம்மா கத்துவார். "அந்த வாசல்ல கால் வைக்க மாட்டேன்டா. நடந்து போனவ பொட்டியில வந்தா."

பயிற்சியும் நின்றது. அந்தத் தாள் எங்கே போனது என்று நான் தேடவும் இல்லை. எண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன். எருக்கிலை வைத்துக் கட்டினேன். சீனன் கடை பிளாஸ்டர் ஒட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. தீபாவளி சமயம் அம்மா வாசல்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். எனக்குப் பயம் பிடித்தது. அக்கா போனாள், அம்மாவும் படுத்துவிட்டால்? ஆபரேஷன் இல்லாமல் நடக்க வை, பால்குடம் எடுக்கிறேன் என்று ஆத்தாவிடம் வேண்டினேன்.

அந்த வாரமே பிரிஞ்சாங் இரவுச் சந்தையில், அதுதான் பாசார் மாலாமில், ஒருவர் கறுப்பு மாத்திரை விற்றார். பொட்டலத்தில் பெயரே இல்லை. "மூட்டுவலியா தம்பி? ரெண்டு நாள்ல ஓடுவாங்க லா."

வேண்டியதும் கிடைத்ததே என்று நினைத்தேன். பொட்டலத்தைச் சாமி மேடையில் வைத்து, குங்குமம் இட்டு, திருநீற்றோடு அம்மாவுக்குக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அம்மா எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றார். நான் பால்குடம் எடுத்தேன். உங்கள் முன்னால் பேசினேன். பக்கத்து வீட்டு லெட்சுமி அத்தைக்கும் நானே ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன்.

அம்மாவுக்கு முகம் உப்ப ஆரம்பித்தது. அத்தை கிண்டல் செய்தார். "என்னா சரசு, மூஞ்சி நெலாவாட்டம் இருக்கு? மவன் தெனம் கோழி அடிக்கிறானா?"

"ஆமா, கட்டிக்க ஒருத்தி இல்ல, எனக்குத்தான் ஊட்டி வளக்குறான்," என்று அம்மா சிரித்தார்.

நானும் சிரித்தேன். அதுதான் இப்போது நெஞ்சைக் குத்துகிறது. அப்புறம் ஓயாத தாகம். லேசாக இடித்தாலே தோல் நீலமாகக் கன்றியது. "மாத்திரைய கிளினிக்ல காட்டுவோம்மா" என்றேன். "சாமி மேடையில வெச்சு நீதானடா குடுத்த? சாமி குடுத்தத அவங்ககிட்ட காட்டி சந்தேகப்படவா?" என்றார். நான் செய்ததுதான்.

ஒரு காலை தேத்தண்ணி கலக்கும்போது அம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டார் என்று தெரியும். சாமி மேடை முன் நின்றேன். "ஆத்தா, அக்காவ எடுத்துக்கிட்ட. இவங்களயும் எடுத்தா நான் எங்க போவேன்? என்னா செய்யன்னு சொல்லு" என்றேன்.

திருநீறு எடுக்கக் கை நீட்டினேன். ஆத்தா படம் சாய்ந்தது. பின்னாலிருந்து மடித்த தாள் ஒன்று விழுந்தது. அக்கா வைத்த பயிற்சித் தாள். அடியில் அவள் கையெழுத்தில் எழுதியிருந்தாள்: "அம்மா எந்த மருந்து சாப்பிட்டாலும் நர்ஸ் மிஸ்ஸிகிட்ட காட்டணும். ஒளிக்கக் கூடாது."

அதை அம்மாவிடம் வாசித்தேன். தாளை வாங்கி எழுத்தைத் தடவினார். பிறகு, "புள்ள சொல்லிட்டா. வண்டியக் கூப்புடு," என்றார்.

அதே ஆஸ்பத்திரி வாசல். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அம்மா உள்ளே வந்தார். நான் பொட்டலத்தையும் தாளையும் சேர்த்து நீட்டினேன். டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னதை மிஸ்ஸி தமிழில் சொன்னார். "இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும்னு சந்தேகப்படுறாங்க தம்பி. சக்கரை ரொம்ப ஏறியிருக்கு. நீங்களா டக்குனு நிறுத்தியிருந்தாலும் ஆபத்து. நல்ல வேளை, கொண்டாந்தீங்க."

உடனே லெட்சுமி அத்தைக்குப் போன் போட்டேன். "அடப்பாவி, உன் பேச்சக் கேட்டுத்தானடா வாயில போட்டேன்!" என்று திட்டினார். திட்டிக்கொண்டே கிளினிக்குக்கும் போனார். அவர் தப்பித்தார்.

அம்மாவை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். எட்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்பதாம் நாள் அம்மா நடந்து வெளியே வந்தார்.

வலி முழுதாகப் போகவில்லை. மறுபடி பொய் சொல்ல மாட்டேன். ஆபரேஷன் என்றாவது வேண்டியிருக்கலாம். "அப்ப பாத்துக்கலாம்," என்கிறார் அம்மா. முன்பெல்லாம் அப்படிச் சொல்லமாட்டார். கங்காணி அவரைச் சரிவிலிருந்து எடுத்து நாற்றுமேட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார். சாயங்காலம் நான் எண்ணுகிறேன். இன்னும் ஏழுக்கு அப்புறம் பத்துதான். போன வெள்ளிக்கிழமை தடியூன்றி, நின்று நின்று, கோயில் படி பதினொன்றும் ஏறினார்.

நான் கேட்ட வழியை ஆத்தா காட்டினாள். நீங்களும் நம்பிக் கேளுங்கள். ஆனால் பெயர் தெரியாத மருந்துக்குக் குங்குமம் வைத்துச் சாமி கொடுத்தது என்று சொல்லாதீர்கள். என்னை நம்பி யாராவது வாங்கியிருந்தால், மன்னியுங்கள், இன்றே கிளினிக்கில் காட்டுங்கள்.

அடுத்த மாதம் அக்காவுக்கு முதல் திதி. அம்மாவைக் காப்பாற்றியது அவள் எழுத்து. அவள் தனியாகத்தான் போனாள், நான் பக்கத்தில் இல்லை. கற்பூரம் ஏற்றும்போது ஆளுக்கு ஒரு தடவை புஷ்பா என்று சொல்லி, அவள் நிம்மதியாக இருக்க வேண்டிக்கொள்ளுங்கள்.