ஊசக்கை

கடலூர் முதுநகரில் திலகவதியின் வீட்டில் கறிவேப்பிலை வாடுவதில்லை. அலசி, நிழலில் துணி விரித்து ஈரம் போக உலர்த்தி, காகிதம் போட்ட டப்பாவில் அடைத்துவிடுவார். பச்சை மிளகாய்க்குக் காம்பைக் கிள்ளிவிடுவார். உடைத்த தேங்காய் மூடியில் உப்பைத் தடவி வைப்பார். இட்லி மாவில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு, மீதியைக் கரண்டி படாமல் ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிடுவார். தெருவில் யார் வீட்டில் எது கெட்டாலும் அவரிடம்தான் வந்து கேட்கிறார்கள்.

சிக்கனத்துக்காக இதையெல்லாம் அவர் கற்றுக்கொள்ளவில்லை. கோபத்தில் கற்றுக்கொண்டார்.

கல்யாணமாகி வந்த முதல் கோடையில் அந்த வீட்டு மாங்காய் ஊறுகாயைப் போட்டது திலகவதி. அந்த மே மாதம் கணவரின் அக்கா இளவரசி, சிதம்பரத்திலிருந்து பிள்ளையோடு பிறந்த வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார். அவர் ஊருக்குக் கிளம்பும் முன்பே ஜாடியில் வெள்ளையாகப் பூசணம் பூத்துவிட்டது.

"இவ கையே ஊசக்கை. தொட்டா ஊசிப்போவும்" என்றார் இளவரசி.

அதோடு போகவில்லை. பேர் நிலைத்துவிட்டது. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் திலகவதிக்குக் காய் நறுக்கும் வேலைகூடக் கிடைக்காது. அவருடைய சொந்த மகளுக்குத் திருவதிகை கோவிலில் காது குத்தினார்கள். விடியற்காலையில் புளியோதரை கிளறும்போது இளவரசி குறுக்கே வந்து நின்றார்.

"நீ எலை போடு, போதும். சாயங்காலம் வரைக்கும் சோறு தாங்கணும் இல்ல?"

மாமியார் குப்பு இலைக்கட்டை எடுத்து நீட்டினார். கணவர் செம்பியன் கூரையைப் பார்த்தார். பெற்ற மகளின் விருந்தில் திலகவதி இலை போட்டார்.

தன் கையில்தான் ஏதோ இருக்கிறதோ என்று பல வருடம் அவரே சந்தேகப்பட்டதுண்டு. ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்கு நடுவே, எது ஏன் கெடுகிறது என்று எதிரில் வருகிற பெண்களிடமெல்லாம் கேட்டார். வீட்டில் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். அவர் கையில் எதுவும் கெடவில்லை. ஆனால் ஊறுகாய் மட்டும் குப்புதான் போடுவார். வருடா வருடம் மகளுக்குச் சிதம்பரத்துக்கு ஒரு ஜாடி போகும்.

ஒரு மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் போனபோது விடை கிடைத்தது. இளவரசி வீட்டுக் கொல்லையில் கால் கழுவப் போன திலகவதி, வாழை மரத்தடியில் மாங்காய்த் துண்டுகள் கொட்டிக் கிடப்பதைப் பார்த்தார். துண்டுக்குத் துண்டு பூசணம். குப்பு கையால் போட்ட ஊறுகாய்!

மதியம் இன்னொன்றையும் பார்த்தார். இளவரசிக்குச் சுத்தம் ஜாஸ்தி. ஜாடியைத் தொடும் முன் குழாயில் கையைத் தேய்த்துக் கழுவுவார். கழுவிய கையைத் துணியில் துடைக்கமாட்டார், துணி அழுக்காம். சொட்டச் சொட்ட ஜாடிக்குள் விட்டு ஒரு துண்டை எடுத்துவிட்டு, மூடியை இறுக்கி மூடுவார். இத்தனை வருடமும் அம்மாவின் ஜாடி அந்த வீட்டில் கெட்டிருக்கிறது. அம்மா பேர் என்பதால் சத்தமில்லாமல் கொல்லையில் கொட்டியிருக்கிறார். அதே ஈரக் கையால் திலகவதியின் ஜாடி கெட்டபோது மட்டும் ஊரைக் கூட்டியிருக்கிறார்.

அன்று திலகவதி வாயே திறக்கவில்லை. சொன்னால் ஒரு நாள் சண்டை. அது அவருக்குப் போதாது.

பங்குனியில் குப்பு வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். சித்திரையில் ஊறுகாய் போடும் வேலை திலகவதிக்கு வந்தது. மாங்காயைத் துடைத்து, வெட்டி, உப்புப் போட்டு வெயிலில் காயவைத்து, காய்ச்சி ஆறிய நல்லெண்ணெய் மேலே நிற்க இரண்டு ஜாடிகளை நிரப்பினார்.

"நீங்க போட்டதுன்னே இருக்கட்டும் அத்தை. அப்பதான் அண்ணி சாப்புடுவாங்க" என்றார். குப்புவுக்கு மருமகளின் பெருந்தன்மை பிடித்துப்போனது. ஒரு ஜாடி வழக்கம்போல் சிதம்பரம் போனது.

ஆனியில் இளவரசியின் மகனுக்கு நிச்சய நாள் குறிக்கப் பெண் வீட்டார் சிதம்பரம் வந்தார்கள். கடலூரிலிருந்து எல்லாரும் போனார்கள். திலகவதியின் பையில் இரண்டாவது ஜாடி இருந்தது.

பந்தியில் பெண்ணின் அப்பா ராஜமாணிக்கம் இலையோரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"கடை ஊறுகாயா? பரவால்ல."

"கடை ஊறுகாய் எதுக்கு சம்பந்தி?" திலகவதி எழுந்துவிட்டார். "எங்க அத்தை கைப்பக்குவம் உள்ள இருக்கு."

"ஏய், வேணாம், உக்காரு" என்று இளவரசி கையை நீட்டுவதற்குள் ஜாடி பந்திக்கு வந்துவிட்டது. மூடியைத் திறந்ததும் பூஞ்சை வாடை. ராஜமாணிக்கத்தின் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்தினார்.

இளவரசிக்கு வாய் பழகிய வார்த்தைதான் வந்தது. "எங்கம்மா போட்டா இப்டி ஆவுமா? இது இவ வேல. ஊசக்கை!"

"ஆமாண்டி, திலகாதான் போட்டா" என்றார் குப்பு. "என் கைதான் ஒடஞ்சி கெடந்துச்சே."

"பாத்தீங்களா!"

திலகவதி பையைத் திறந்து இரண்டாவது ஜாடியை முதல் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார். வாயில் வேடு கட்டிய துணியை அவிழ்த்தார். எண்ணெய் கண்ணாடி மாதிரி நின்றது.

"ரெண்டும் ஒரே மாங்கா, ஒரே நாளு, ஒரே கையி. ஒண்ணு கடலூர்ல இருந்துச்சி, ஒண்ணு சிதம்பரத்துல இருந்துச்சி. யாரு கை ஊசக்கைன்னு நீங்களே சொல்லுங்க சம்பந்தி."

ராஜமாணிக்கம் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். இளவரசியைப் பார்த்தார். "ஏம்மா, ஊறுகா கூட ஊரு பாத்துதான் கெடுமா?"

பந்தியே சிரித்தது. இளவரசி உள்ளே போனவர் பாயசத்துக்குக்கூட வெளியே வரவில்லை. குப்பு கரண்டியை எடுத்து மருமகளிடம் நீட்டினார். "நீயே எல்லாருக்கும் வையி." அந்தக் குடும்பத்தின் விருந்தில் திலகவதி முதல்முறையாகப் பரிமாறினார். ஒரு இலையையும் விடவில்லை. உள்ளே போய் நாத்தனாரின் தட்டிலும் ஒரு துண்டு வைத்தார்.

இப்போது சொந்தத்தில் ஊசக்கை என்றால் சிதம்பரத்து இளவரசி. மகனின் கல்யாணச் சமையலில் அவரையே யாரும் கரண்டி பிடிக்க விடவில்லை. காரணம் இன்னும் அவருக்குத் தெரியாது. முன்னைவிட அழுத்தித் தேய்த்துக் கழுவுகிறார் என்று கேள்வி.

இந்தச் சித்திரையிலும் சிதம்பரத்துக்கான ஜாடி தயாரானது. பஸ்ஸுக்குக் கிளம்பிய செம்பியன் வாசலில் தயங்கினார்.

"போதும் திலகா. எதனால கெடுதுன்னு அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லிடேன்."

"கேக்கட்டும், சொல்றேன்."

"அது எங்க கேக்கப்போவுது?"

"அப்ப கெடட்டும்."

ஜாடி வாயின் துணியை இன்னொரு முறை இறுக்கிக் கட்டி அவர் கையில் கொடுத்தார் திலகவதி.

"நான் சொன்னேன்னு அண்ணிகிட்ட மறக்காம சொல்லுங்க. தொடறதுக்கு முன்னாடி கைய நல்லா கழுவிக்கச் சொல்லுங்க."