பதிவு செய்யாத எர்னா

தொலைபேசியின் மேல் தலையணையைப் போட்டு அமுக்கிவிட்டுத்தான் எர்னா லேவன் பேச ஆரம்பிப்பார். கைபேசியாக இருந்தால் ரொட்டிப் பெட்டிக்குள் போகும், என்னுடையதும் சேர்த்து. "உன்ன நம்புறேண்டி. உன் போனைத்தான் நம்பல."

எழுபத்திரண்டு வயது. கரகண்டா நகரத்து நிலக்கரிச் சுரங்கமொன்றில், உள்ளே இறங்குகிறவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கும் அறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். எந்த விளக்கு இன்னும் திரும்பவில்லை என்று பார்த்தே பழகிய கண். எங்கள் ஜெபக் கூடத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் அந்தக் கண்தான் முதலில் வரவேற்கும். பிறகு கேள்விகள். "யாரு சொல்லி வந்த? எப்ப சொன்னாங்க? ஏன் உங்கிட்ட சொன்னாங்க?" குழாய் சரிசெய்ய வந்த ஆள்கூட மூன்றுக்கும் பதில் சொன்ன பிறகுதான் குழாயைத் தொட முடிந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. சோவியத் காலத்தில் எங்கள் பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்கள் இரண்டாக உடைந்தார்கள். அரசிடம் பதிவு செய்துகொண்டவர்கள் ஒரு பக்கம். மாட்டோம் என்று வீடுகளில் ஒளிந்து கூடியவர்கள் மறுபக்கம். எர்னாவும் அவர் தம்பி பேட்டரும் ஒளிந்தவர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் பேட்டரைப் பிடித்துப் போனார்கள். மூன்று வருடச் சிறை. நெஞ்சுச் சளியோடு திரும்பியவர் இரண்டு குளிர்காலம் தாங்கவில்லை. பேரைக் காட்டிக் கொடுத்தது பதிவுச் சபை கிரிகோரிதான் என்பது எர்னாவின் தீர்ப்பு. ஆதாரம் கிடையாது. கிரிகோரி இறந்தே பதினைந்து வருடமாகிறது. அவர் மனைவி நாத்யாவைக் கடையில் கண்டால் எர்னா வரிசையை விட்டே விலகிவிடுவார்.

போன ஜனவரியில் பதிவுச் சபைக் கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலன் உடைந்தது. வெளியே உறைநிலைக்குக் கீழே முப்பத்தெட்டு டிகிரி. எங்கள் கூடத்தில் இடம் கேட்டார்கள்.

"இடமா கேக்கிறாங்க? வேவு பாக்க வர்றாங்க," என்றார் எர்னா.

"எர்னாக்கா, வர்றதுல பாதிப் பேருக்குக் காதே கேக்காது," என்றார் மூப்பர் யாஷா.

"கேக்காத மாதிரி உக்காந்திருக்கிறவங்களத்தான் கவனிக்கணும்."

யாஷா சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். நான்கு ஞாயிறும் எர்னா கடைசி பெஞ்சில், கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

மாதக் கடைசியில், அப்பமும் திராட்சைரசமும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்து. அதற்கு முன்பு ஒருவர் காலை ஒருவர் கழுவுவது எங்கள் வழக்கம். பெண்கள் உள்ளறையில், பாடிக்கொண்டே, எதிரெதிரே. எர்னாவுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தது நாத்யா. நான் பக்கத்தில் துண்டோடு இருந்தேன்.

காலுறையைக் கழற்றிய நாத்யா சொன்னார்: "எர்னா, என்னையும் கூப்பிட்டு விசாரிச்சாங்க. நான் யார் பேரையும் சொல்லல. அவரு சொன்னாரான்னு எனக்குத் தெரியாது."

"அவரக் கேக்கலியா?"

"பயம். ஆமான்னு சொல்லிட்டா, அப்புறம் எப்படி அந்த மனுசனோட குடும்பம் நடத்துறது? கேக்காமயே இருந்துட்டேன்."

"கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்," என்றார் நாத்யாவும்.

எர்னா கால் கழுவும் பாத்திரத்துத் தண்ணீரில் விரலை வைத்துப் பார்த்தார். சட்டென்று எழுந்து வெளியே போனார். பெண்கள் பாட்டை நிறுத்தினார்கள். நாத்யா குனிந்து காலுறையைத் தேடினார்.

அடுப்பிலிருந்த வெந்நீர்க் கெண்டியோடு எர்னா திரும்பி வந்தார். பாத்திரத்தில் ஊற்றிக் கலந்து, முழங்கையால் சூடு பார்த்தார். பிறகு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல முழங்காலிட்டு, நாத்யாவின் வீங்கிய காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.